இறக்கு என்றால் எதை?

“நேராவே போறேன்” என்றேன். “ரைட்டு” என்றான் மாமா பையன். நான் சுக்கானை வலது பக்கம் திருப்பினேன். கம்ப்யூட்டர் திரையில் எங்கள் கப்பல் பாறையில் இடித்தது.

அவன் சொன்ன ரைட்டுக்கு ‘சரி, போ’ என்று பொருள். பஸ்ஸில் கண்டக்டர் சொல்கிற ரைட்டு. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் முன்னால் பாய் மறைத்துக்கொண்டிருக்க, எதிரே என்ன வருகிறது என்று தெரியாமல் சுக்கானைப் பிடித்திருப்பவன் காதில் அந்தச் சொல் திசையாகத்தான் விழும். அன்றிலிருந்து எங்கள் கப்பலில் ‘ரைட்டு’ கிடையாது. நாங்கள் எழுதாமல் எழுதிக்கொண்ட முதல் விதி அது.

2021 ஊரடங்கில் நாங்கள் நான்கு பேர் ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ விளையாடத் தொடங்கினோம். ரேர் நிறுவனம் உருவாக்கி 2018-ல் வெளிவந்த கடற்கொள்ளையர் கணினி விளையாட்டு. அவரவர் வீட்டிலிருந்து, மைக்கில் பேசிக்கொண்டு ஆடுவோம். அதில் பெரிய கப்பல் கேலியன். நான்கு பேர் ஓட்டுவது. மூன்று பாய்மரம், பக்கத்துக்கு நான்கு பீரங்கி. நான் பாபநாசம் பக்கத்து கிராமத்தில், சுக்கான் என்னிடம். மாமா பையன் மன்னார்குடியில், பீரங்கி அவனிடம். தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி ஒருவன் வரைபடமும் பாயும் பார்ப்பான். நாலாவது ஆள் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைக்காரன். வீட்டில் சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கிறார்கள். எங்களில் உண்மையான கடலை அறிந்தவன் அவன் ஒருவன்தான்.

இந்தக் கப்பலை அமைத்திருக்கிற விதத்தைச் சொன்னால்தான் பிரச்சினை புரியும். சுக்கானில் நிற்பவனுக்குப் பாய் விரித்துவிட்டால் முன்பக்கம் தெரியாது. வரைபடம் கீழ்த்தளத்து மேசையில் இருக்கிறது. அதைப் பார்ப்பவனுக்குக் கடல் தெரியாது. பீரங்கியில் இருப்பவனுக்கு ஒரு பக்கம் மட்டும் தெரியும். அடித்தளத்தில் ஓட்டை அடைப்பவனுக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாது. ஆளுக்குக் கால் பங்குதான் தெரியும். மீதி முக்கால் பங்கும் இன்னொருவன் வாயிலிருந்து வர வேண்டும். நான் சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொண்டது ஒரு வாரத்தில். பேசக் கற்றுக்கொள்ள நாலைந்து மாதம் ஆனது.

எங்களைப் பேச்சைப் பற்றி யோசிக்க வைத்தது ஒரு ராத்திரி. இரண்டு மணி நேரம் தீவு தீவாக அலைந்து பெட்டிகளை ஏற்றியிருந்தோம். விற்கப் போகிற வழியில் பின்னால் ஒரு கப்பல் துரத்தியது. தீவை ஒட்டி வந்ததால் பாயைப் பாதி சுருட்டித்தான் வைத்திருந்தோம். தீவைத் தாண்டியதும் வேகம் வேண்டும். நான் கத்தினேன்: “இறக்கு! இறக்கு! இறக்கு!”

பாயைத்தான் சொன்னேன். பாயை முழுசாக இறக்கினால் கப்பல் பறக்கும். தம்பி அந்த நேரத்தில் நங்கூரச் சக்கரத்துப் பக்கத்தில் நின்றிருந்தான். நங்கூரத்தை இறக்கினான். கப்பல் ஒரு குலுங்கு குலுங்கி, அப்படியே அரைவட்டம் அடித்து நின்றது. நங்கூரத்தைப் போடுவது ஒரு நொடி வேலை. தூக்குவதற்குக் கை கூட வேண்டும். மூன்று பேர் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோதே குண்டுகள் அடித்தளத்தைத் துளைத்துவிட்டன. பெட்டிகள் ஒவ்வொன்றாக மிதந்து மேலே வந்ததை நீரில் நின்று பார்த்தோம்.

அதற்கப்புறம் நான் பேசிய பேச்சு நல்ல பேச்சு இல்லை. தம்பி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். நான்கு நாள் வரவில்லை. அந்த நான்கு நாளில் எனக்கு ஒன்று உறைத்தது: நான் சொன்னதைத்தான் அவன் செய்தான். ‘இறக்கு’ என்றேன், இறக்கினான். ஒரே சொல், பாய்க்குச் சொன்னால் ஓட்டம், நங்கூரத்துக்குச் சொன்னால் நிறுத்தம். எதை என்பதை என் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வினையை மட்டும் வெளியே விட்டிருக்கிறேன்.

நம் பேச்சே அப்படித்தான். தமிழில் வினை கடைசியில் வரும். அவசரம் வந்தால் முன்னால் இருப்பதையெல்லாம் விழுங்கிவிட்டு வினையை மட்டும் துப்புவோம். “போடு”, “விடு”, “எடு”, “புடி”. அடுப்படியில் இது போதும், ஏனென்றால் கண் எதிரில் சட்டி இருக்கிறது, கை காட்டுகிறது. கை தெரியாத இடத்தில் போதாது.

தம்பியிடம் போனில் பேசி, தப்பு என்னுடையது என்று சொல்லிக் கூப்பிட்டேன். அவன் வந்த அன்றைக்கே நான்கு பேரும் உட்கார்ந்து சொற்களைப் பிரித்தோம். பாய்க்கு ‘விரி’, ‘சுருட்டு’. நங்கூரத்துக்கு ‘போடு’, ‘தூக்கு’. இந்த நான்கு வினையும் வேறு எதற்கும் வராது. ‘இறக்கு’, ‘ஏற்று’ இரண்டையும் கப்பலைவிட்டே அனுப்பிவிட்டோம். ஒருவன் பதற்றத்தில் “சுருட்டு!” என்று மட்டும் கத்தினாலும் சுருட்டக்கூடியது பாய் ஒன்றுதான். இத்தனை செய்தும் பெயரைச் சேர்த்தே சொல்வது என்று வைத்துக்கொண்டோம்: “பாய் விரி”, “நங்கூரம் தூக்கு”. பெயர் முதலில் காதில் விழுந்தால், வினை வந்து சேர்வதற்குள் கால் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கும்.

இதே போல ‘போதும்’ என்பதையும் தூக்கினோம். திருப்பினது போதுமா, பாய் விரித்தது போதுமா, சுட்டது போதுமா? ‘நேரா’ என்பதும் அப்படித்தான். சுக்கானை நடுவுக்குக் கொண்டுவா என்கிறானா, இப்போது போகிற வளைவிலேயே போ என்கிறானா? இப்போது “சுக்கான் நடு” என்கிறோம். அழகான தமிழ் இல்லை; ஆனால் அதற்கு இரண்டு பொருள் கிடையாது.

சரி, இடது வலதுக்கு வருகிறேன். அதிகம் அடிபட்டது இதில்தான்.

பீரங்கியில் நின்று வெளியே பார்த்துக்கொண்டு மாமா பையன் “வலதுல வரான்” என்பான். அவனுக்கு வலது. அவன் நிற்பது இடப்பக்கப் பீரங்கி. அங்கிருந்து கடலைப் பார்த்தால் அவன் வலக்கைப் பக்கம் இருப்பது கப்பலின் முன்புறம். நான் கப்பலின் வலப்பக்கத்தில் எதிரியைத் தேடிக்கொண்டிருப்பேன். தினமும் சண்டை.

இதைத் தீர்த்துவைத்தவர் பெரியப்பா. அவருக்கு இந்த விளையாட்டு தெரியாது. பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்டாவில் லஸ்கர் என்றால் எல்லோருக்கும் தெரியும்: ஆற்றங்கரை, வாய்க்கால் கரையெல்லாம் நடந்து பார்ப்பவர், ஷட்டரைத் தூக்கி இறக்குபவர். அந்தக் காலத்து ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த ஆசிய மாலுமிகளையும் லஸ்கர் என்றுதான் அழைத்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து அவர் போனில் யாருக்கோ குடமுருட்டி ஆற்றில் ஓர் இடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “இடது கரையில, மதகுக்குக் கீழ.” பேசி முடித்ததும் கேட்டேன், “பெரியப்பா, நீங்க எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறதா வச்சு இடது சொல்றீங்க?”

“நான் எங்க நின்னா என்ன? தண்ணி போற பக்கம் பார்த்துச் சொல்றது. ஆத்துக்கு எது இடதோ அதுதான் இடது கரை. நீ எதிர்க்கரையில நின்னாலும் அதான், தலைகீழா நின்னாலும் அதான்” என்றார். “வாய்க்கா வடக்க வளையும், தெக்க வளையும். கரை மாறாது.”

காவிரியில் தண்ணீர் கிழக்கே போகிறது, அதனால் இடது கரை வடகரை, வலது கரை தென்கரை. ஆறு நடுவில் எப்படித் திரும்பினாலும் பெயர் மாறுவதில்லை. ஆற்றின் இடத்தில் கப்பலை வைத்தேன். முடிந்தது. நான் எங்கே பார்க்கிறேன் என்பது கணக்கில்லை, கப்பல் எங்கே பார்க்கிறது என்பதுதான் கணக்கு. உலகத்து மாலுமிகள் இடது வலது என்று சொல்லாமல் ‘போர்ட்’, ‘ஸ்டார்போர்ட்’ என்று தனிச் சொல் வைத்திருப்பதும் இதற்காகத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

ஆனால் பெரியப்பாவின் கரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. ‘இடக்கரை’, ‘வலக்கரை’ என்று இரண்டு வாரம் சொல்லிப் பார்த்தோம். பட்டனை அழுத்திப் பேசுகிற மைக்கில் முதல் எழுத்து அடிக்கடி வெட்டுப்படும். ‘டக்கரை’, ‘லக்கரை’ என்று கேட்கும். பீரங்கிச் சத்தத்தில் அந்த வித்தியாசமும் போய்விடும். இடது, வலதும் அதே கதி: ‘டது’, ‘லது’. பிறகு படித்தபோது தெரிந்தது, ஆங்கிலேயக் கடற்படைக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. கப்பலின் இடப்பக்கத்துக்கு முதலில் ‘லார்போர்ட்’ என்று பெயர். காற்றில் கத்தும்போது லார்போர்டும் ஸ்டார்போர்டும் ஒன்றுபோல் கேட்டதால், 1844-ல் லார்போர்டை விட்டுவிட்டு ‘போர்ட்’ என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அமெரிக்கக் கடற்படை 1846-ல் அதைச் செய்தது. அத்தனை அனுபவம் உள்ளவர்களே சொல்லை மாற்றியிருக்கும்போது நாங்கள் பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

அக்கரைப்பேட்டைக்காரன் தீர்வு சொன்னான். “எங்க போட்டுல இடப்பக்கம் சிவப்பு லைட்டு, வலப்பக்கம் பச்சை லைட்டு. எல்லாக் கப்பலுக்கும் அதுதான். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.” சிவப்பு, பச்சை. முதல் எழுத்து போனாலும் ‘வப்பு’ ஒரு பக்கம், ‘ச்சை’ ஒரு பக்கம், குழப்ப முடியாது. முன்பக்கத்துக்கு ‘அணியம்’, பின்பக்கத்துக்கு ‘அமரம்’ என்ற கடலோரச் சொற்களையும் அவனிடமே கற்றோம்.

பழகுவதற்கு மாமா பையன் மானிட்டரின் இடது ஓரத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பும் வலது ஓரத்தில் பச்சை டேப்பும் ஒட்டினான். சுக்கானில் நிற்கிற எனக்கு அது உதவியது. அவனுக்கு ஆகவில்லை, ஏனென்றால் பீரங்கியில் நின்றால் திரையின் இடதும் கப்பலின் இடதும் ஒன்றில்லை. டேப்பைப் பிய்த்துவிட்டு வேறு கணக்கு வைத்துக்கொண்டான்: சிவப்புப் பீரங்கியில் நின்றால் அணியம் வலக்கைப் பக்கம், பச்சைப் பீரங்கியில் நின்றால் இடக்கைப் பக்கம். அதை இரண்டு நாள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தான். நீங்கள் யாராவது இப்படிப் பழகுவதாக இருந்தால் டேப் ஒட்டாதீர்கள். அவன் கணக்கைப் பழகுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. எதிரியின் பாய் சிவப்பாக இருந்தால் “சிவப்புப் பாய்க்காரன்” என்று வாயில் வந்துவிடும். பாயின் நிறத்தைச் சொல்லவே கூடாது. அதில் வரைந்திருக்கிற படத்தைச் சொல்லுங்கள்.

பக்கம் தெளிவான பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. “பச்சை!” என்று ஒருவன் கத்துகிறான். பச்சைப் பக்கம் எதிரி இருக்கிறானா, பச்சைப் பக்கம் திரும்பச் சொல்கிறானா? ஒருமுறை எதிரியைத் தவிர்க்கச் சொன்ன குரலைக் கேட்டு நேராக அவன் மேலேயே போய் விழுந்தேன். பெரிய கப்பல்களிலும் இந்த இரட்டைப் பொருள் வெகுகாலம் இருந்திருக்கிறது. 1912-ல் பனிப்பாறையைப் பார்த்ததும் டைட்டானிக்கில் கொடுத்த உத்தரவு ‘ஹார்ட் எ ஸ்டார்போர்ட்’, கேட்டால் முழுக்க வலப்பக்கம் என்று தோன்றும். கப்பல் திரும்பியதோ இடப்பக்கம். அந்தக் கால வழக்கப்படி உத்தரவு சுக்கான் பிடியின் திசையைச் சொன்னது, கப்பலின் திசையை இல்லை. பிடி என்பது சுக்கானோடு இணைந்த கைத்தடி; அதைத் தள்ளுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கப்பல் திரும்பும். அங்கே எல்லோருக்கும் வழக்கம் தெரியும், அதனால் சரியாகவே திருப்பினார்கள். பிரிட்டனில் அந்த முறையை 1933-ல்தான் மாற்றினார்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது தமிழின் வேற்றுமை உருபு. ‘பச்சையில’ என்றால் அங்கே ஏதோ இருக்கிறது, செய்தி. ‘பச்சைக்கு’ என்றால் அங்கே போ, உத்தரவு. “பச்சையில கப்பல், சிவப்புக்குத் திருப்பு.” பள்ளிக்கூடத்தில் நான்காம் வேற்றுமை, ஏழாம் வேற்றுமை என்று மனப்பாடம் செய்ததை இப்படி ஒரு நாள் நம்பி நிற்பேன் என்று நினைத்ததில்லை. கத்தும்போது முதலில் உதிர்வது இந்த உருபுதான். அதை மட்டும் உதிர விடக்கூடாது.

அடுத்தது ‘சரி’. இந்தச் சொல் எங்களை எத்தனை முறை மூழ்கடித்தது என்று எண்ணவே முடியாது. “கீழ ஓட்டை விழுந்திருக்கு” என்பேன். “சரி”, “சரி”, “ம்”, மூன்று குரல் வரும். ஒவ்வொருவனும் மற்றவன் போகிறான் என்று நினைத்துக்கொண்டு அவனவன் வேலையைப் பார்ப்பான். தண்ணீர் படியேறி வரைபட மேசைக்கு வந்தபோதுதான் யாருமே போகவில்லை என்பது தெரியும். ‘சரி’ என்றால் கேட்டுவிட்டது என்றா, செய்யப்போகிறேன் என்றா, செய்து முடித்துவிட்டேன் என்றா? மூன்றுக்கும் நாம் அதையே சொல்கிறோம்.

நிஜக் கப்பலில் சுக்கான் பிடிப்பவர் உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்வார், செய்து முடித்ததும் மறுபடி சொல்வார். நாங்கள் அதை எடுத்துக்கொண்டோம். முதலில் ஆள், அப்புறம் வேலை. “தம்பி, நங்கூரம் போடு.” “நங்கூரம் போடுறேன்.” “நங்கூரம் போட்டாச்சு.” போடுறேன் என்றால் கேட்டுவிட்டான், போய்க்கொண்டிருக்கிறான். போட்டாச்சு என்றால் நான் அடுத்ததை யோசிக்கலாம். ஆரம்பத்தில் மிலிட்டரி மாதிரி இருக்கிறது என்று மாமா பையன் முனகினான். திருப்பிச் சொல்லும்போதுதான் தப்பாகக் கேட்டது வெளியே வரும். “நங்கூரம் தூக்குறேன்” என்று அவன் சொன்னால் அவன் கை வைப்பதற்குள் நான் நிறுத்திவிடலாம். ஒரு நொடி செலவு. அந்த நொடியை நான் என்றும் கொடுக்கத் தயார்.

சண்டை இல்லாமல் ஊர் விட்டு ஊர் போகும்போது சிவப்பு பச்சை வேண்டாம். அதற்கு எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, முறைதான் சிறந்தது. அப்பாயி இடது வலது சொல்லியே நான் கேட்டதில்லை. “டம்ளரை மேக்கால தள்ளி வை”, “கெழக்கால பார்த்து உக்காரு”, எல்லாமே திக்குதான். மேலத்தெரு, கீழத்தெரு என்று தெருவுக்கே திக்கை வைத்துப் பெயர் வைத்த ஊர். விளையாட்டில் சுக்கானுக்குப் பக்கத்தில் திசைகாட்டி இருக்கிறது, வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கிறது. கீழே இருக்கிற தம்பி “தென்கிழக்கு” என்றால் மேலே இருக்கிற நான் திசைகாட்டியைப் பார்த்துத் திருப்பிக்கொள்வேன். அவன் எந்தப் பக்கம் நின்று மேசையைப் பார்க்கிறான் என்ற கேள்வியே வராது. ஆனால் சண்டையில் கப்பல் சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே திக்கு சொன்னால் பீரங்கியில் இருப்பவனுக்கு ஒன்றும் புரியாது. போகிற இடத்துக்குத் திக்கு, எதிரிக்குப் பக்கம் என்று பிரித்துக்கொண்டோம்.

தூரத்துக்கு அதிகம் மெனக்கெடவில்லை. ‘கிட்ட’, ‘தூரம்’ எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். “குண்டு எட்டும்”, “எட்டாது”, இரண்டே அளவு.

யார் பேசுவது என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். திருவாரூர் ஆழித்தேர் தெருமுக்கில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். 96 அடி உயரத் தேர், வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில், கூட்டம் முழுக்க ‘ஆரூரா, தியாகேசா’ முழக்கம். ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் அந்தச் சத்தத்தையெல்லாம் விட்டுவிட்டு, முன்னால் நின்று கை காட்டுகிறவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்களிடம் சண்டை தொடங்கினால் உத்தரவு மேலே பாய்மரக் கூண்டில் நிற்கிற அக்கரைப்பேட்டைக்காரன் குரல் மட்டும். மற்ற மூவரும் செய்தி சொல்லலாம், உத்தரவு கொடுக்கக் கூடாது. சுக்கான் பிடிக்கிற நான்தான் தலைவன் என்று முதலில் நினைத்திருந்தேன். ஆனால் எனக்கு முன்பக்கமே தெரியாது. அதிகம் தெரிகிற இடத்தில் நிற்பவனிடம் குரலைக் கொடுப்பதுதான் முறை.

போன மாதம் ஒரு புயலில் மாட்டினோம். இந்த விளையாட்டில் புயலுக்குள் போனால் திசைகாட்டி பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றும், சுக்கான் தானாக இழுக்கும். அப்பாயி முறை அங்கே செல்லாது. மழையில் அணியம் கூடத் தெரியவில்லை. அடித்தளத்தில் மாமா பையன் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். தம்பி கீழே வரைபடத்தில் எங்கள் கப்பலின் சின்னப் படம் எந்தப் பக்கம் மூக்கை நீட்டியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, சிவப்பில தீவு. பச்சைக்குத் திருப்புங்க.”

“பச்சைக்குத் திருப்புறேன்.”

“இன்னும்… இன்னும்… சுக்கான் நடு.”

“சுக்கான் நடு… நடுவுல நிறுத்தியாச்சு.”

“பாய் பாதி சுருட்டவா?”

“அண்ணன்கிட்ட கேளு” என்றேன். அக்கரைப்பேட்டைக்காரன் மேலே பாய்மரக் கூண்டில் இருந்தான். “வேணாம், பாய் அப்படியே இருக்கட்டும். வெளிச்சம் தெரியுது” என்றான்.

மின்னலில் தீவின் கறுப்பு உருவம் சிவப்புப் பக்கம் ஒருமுறை தெரிந்து மறைந்தது. தம்பி சொன்ன இடத்திலேயே இருந்தது.